வெள்ளி ஆகாத வீடு

இவரு கழுத்துல கெடக்குற வெள்ளிச் செயின் திரும்பவும் கறுத்துப்போச்சு. லேசா மங்குனதெல்லாம் இல்ல, தோசைக்கல்லுக்கு அடிப்பக்கம் இருக்குமே, அந்தக் கறுப்பு. அத்தை பாத்துட்டு காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்க, "எம்புள்ள மேல யாரு கண்ணு பட்டுச்சோ"ன்னு. உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டு, பாத்தியா கமறவே இல்ல, அப்ப கண்ணுதான்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. பக்கத்துல நான் இருமிக்கிட்டு நின்னேன், அது கணக்குல வராது.

இந்த வீட்டுக்கு வெள்ளி ஆகாது, தங்கத்துக்கு மாத்திருவோம்னு சனிக்கிழமை சாயங்காலம் தெற்காவணி மூல வீதிக்குக் கெளம்பிட்டோம். நான் ஏன் போனேன்னா எனக்கும் ஒரு டெய்லி வேர் செயின் வேணும். கல்யாணத்துக்குப் போட்ட மெல்லிசு செயின சின்னவன் இழுத்து இழுத்து மூணு தடவை பத்த வச்சாச்சு, ஆசாரியே "இனிமே வச்சா செயின்ல பொடிதாம்மா இருக்கும்"ங்கறாரு.

கடைப் பையன் பாவம், நல்லாத்தான் சொன்னான். 22 கேரட்டு மெதுவா இருக்கும், மெல்லிசா எடுத்தா சீக்கிரம் வளையும், தெனமும் போட 18 எடுங்க, உறுதியா இருக்கும்னான். அத்தை உடனே, "அதுல எவ்வளவுப்பா தங்கம்?"

"நூத்துக்கு 75மா."

"அப்ப மிச்சம் 25க்கு எதுக்குப்பா செய்கூலி?"

அவன் பேச்ச மாத்தி பிளாட்டினத்த எடுத்து வச்சான். அத்தை கையில வாங்கிப் பாத்துட்டு, "வெள்ளி மாதிரியே இருக்கே, இது வெள்ளி இல்லன்னு தெருத்தெருவா நான் சொல்லிட்டுத் திரியணுமா?" அப்புறம் 916 செயின் ஒண்ண எடுத்து, லென்ஸ வாங்கி, முத்திரைக்குப் பக்கத்துல ஆறு எழுத்து நம்பர் இருக்கான்னு முக்கா மணி நேரம். பில்லு எவ்வளவு வரும்னு பையன் போட்டுக் காட்டுனான், சேதாரம், செய்கூலி, அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. அத்தை லென்ஸத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கடையில வாங்கிக் குடிச்ச ரெண்டு காபியும் ஒரு ரோஸ்மில்க்கும்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து பழைய செயின விபூதி போட்டு தேய் தேய்னு தேச்சாங்க, பளிச்சுனு வந்துருச்சு. இவரும் திரும்ப மாட்டிக்கிட்டாரு. "இன்னொரு தடவ கறுக்கட்டும், எவ்வளவு ஆனாலும் தங்கந்தான். ஒனக்கும் சேத்து எடுத்துருவோம், மொட்டக் கழுத்தா நிக்காத"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. இத்தன வருஷத்துல அத்தை வாயில இருந்து வந்த நல்ல வாக்கு. அப்பவே சாட்சிக்குப் பெரியவனக் கூப்புட்டு வச்சுக்கிட்டேன்.

இப்ப ஒரு விஷயம். முதுகுல பருன்னு இவருக்கு ஸ்கின் டாக்டர் ஒரு மஞ்ச சோப்பு எழுதிக் குடுத்துருக்காரு, சல்ஃபர் சோப்பு. வெள்ளி மேல கந்தகம் பட்டா கறுக்கும், எட்டாப்பு படிக்கிற பெரியவனே சொல்லுவான். இவரு செயினோடதான் குளிப்பாரு. எனக்குப் போன மாசமே தெரியும்.

சோப்பு தேஞ்சுபோச்சு. மாசச் சாமான் லிஸ்ட்ல பருப்புக்குக் கீழ மூணுன்னு எழுதி வச்சுருக்கேன்.