மகனின் பாட்டும் உவர்மலை உறவுகளும்

கனடாவின் குளிருக்கும் வேலைக்கும் பழகியது பெரிய பாடாக இருக்கவில்லை. பிள்ளைகள் வளரத் தொடங்கிய பிறகுதான் இது வேறு நாடு என்று உறைத்தது. மகன் 15 வயதில் இமோ ராப் கேட்க ஆரம்பித்தான். அதுவரை ராப் என்றால் காசு, கார், சண்டை என்றே நினைத்திருந்தேன். இதில் ஒரு பையன் அழாக்குறையாகப் பாடுகிறான்: அவள் விட்டுப் போய்விட்டாள், நித்திரை வரவில்லை, குளிசை போட்டேன், செத்தால் என்ன.

போன கோடை விடுமுறைக்குத் திருகோணமலை போனோம். உவர்மலையில் அம்மாவின் வீடு. போனில், முகத்திலே பச்சை குத்திய பாடகரைப் பார்த்ததும் பெரியம்மா பதறிவிட்டார். "பத்திரகாளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டு பிள்ளை." மாமாவுக்கோ சிரிப்பு. "வீடு இருக்கு, கார் இருக்கு, இவங்களுக்கு என்ன கவலை?"

போரையும் 2004 சுனாமியையும் பார்த்த ஊர். அங்கிருந்து கேட்டால் மாமாவின் கேள்வி நியாயம்தான். ஆனால் 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடும் இலங்கைதான். கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகே அது வெகுவாகக் குறைந்தது. "மருந்து குடிச்சிட்டானாம்" என்று காதோடு காதாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிடும் சனத்துக்குள் வளர்ந்தவள் நான். செத்தவனைப் பற்றி நாலு பேர் கதைப்போம். உயிரோடு இருந்தபோது அவனே வாய் திறந்து "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்ல எங்கே விட்டோம்? இந்தப் பையன்கள் அதைத்தான் பாட்டாகச் சொல்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அது பேயாகத் தெரிகிறது, அல்லது பகிடியாகத் தெரிகிறது.

அத்தான் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். உப்புவெளியில் ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு கிட்டார் வாசிப்பவர். இமோ ராப் பாடகர் ஜூஸ் வேர்ல்டின் 'லூசிட் ட்ரீம்ஸ்' தொடங்கியதும் நிமிர்ந்தார். "தம்பி, இது ஸ்டிங்கின்ர பாட்டுத்தானே?" உண்மைதான். 2018இல் பிரபலமான அந்தப் பாட்டு, ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்கின் 1993ஆம் ஆண்டு 'ஷேப் ஆஃப் மை ஹார்ட்' கிட்டாரின் மேல்தான் நிற்கிறது. பிறகென்ன, அத்தான் வாசிக்க மகன் பாட, முற்றத்தில் கச்சேரி. பெரியம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பெடியன் நல்லா நொந்துபோனான் போல. இப்ப சுகமாமோ?"

மகன் என்னைப் பார்த்தான். ஜூஸ் வேர்ல்ட் 2019 டிசம்பரில் செத்துப்போனார். அதற்கு முன் 2017 நவம்பரில் இன்னொரு இமோ ராப் பாடகர், லில் பீப். இருவருக்கும் 21 வயது. இருவரையும் கொன்றது அளவு மீறிய மருந்து: லில் பீப்புக்கு ஃபென்டனிலும் சனாக்ஸும், ஜூஸ் வேர்ல்டுக்கு ஒக்சிகோடோனும் கோடீனும்.

பாட்டின் சோகத்தைவிட அந்தக் குளிசைதான் எனக்குப் பயம். டொரொன்டோவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட ஆலோசகர் ஒருமுறை பெற்றோரிடம் சொன்னார்: சாக வேண்டும் போல இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. எங்கள் வீட்டில் யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? எனக்கு நாக்கு எழும்பவே கனநாள் எடுத்தது. இப்போது இரண்டையும் கேட்கிறேன். சாகிற எண்ணம் இல்லையாம். குளிசை பள்ளிக்கூடத்தில் கிடைக்கிறதா என்றால், "கிடைக்கும் அம்மா, ஆர் விக்கிறாங்கள் எண்டும் தெரியும்" என்கிறான். அதற்கு மேல் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.