பென்சிலும் அப்பாவின் பேனையும்

குடியுரிமைச் சோதினைக்கு எனக்கு வாத்தியார் அப்பாதான். 55 வயதைத் தாண்டியவர்களுக்குச் சோதினை இல்லை. அண்ணா ஸ்பொன்சர் செய்து வந்த அவர், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமலே கனடியன் ஆனவர். ஆனாலும் சோதினைக்குப் படிக்கிற 'டிஸ்கவர் கனடா' புத்தகத்தை என்னைவிட ஆசையாகப் புரட்டினது அந்த ஓய்வுபெற்ற தபாலதிபர்தான். 20 கேள்வி, 15 சரி வந்தால் போதும். நான் அவருடைய முதல் கேள்வியிலேயே விழுந்தேன்.

"பிரதமரை ஆர் தெரிவுசெய்யிறது?"

"சனங்கள்தானே அப்பா."

"இல்லைப் பிள்ளை. சனங்கள் தங்கட தொகுதிக்கு ஒரு ஆளை அனுப்புறது. அவ்வளவுதான்."

நான் எண்பதுகளில் இலங்கையில் பிறந்தவள். தேர்தல் என்றாலே எனக்கு ஜனாதிபதித் தேர்தல்தான். ஆளவேண்டியவரின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டுப் பழகின கை. இங்கே ஸ்காபரோவில் என் வாக்குச்சீட்டில் பிரதமரின் பெயர் இராது, அவர் என் தொகுதியில் நின்றாலொழிய. 343 உறுப்பினர்களில் பெரும்பான்மையின் ஆதரவு யாருக்கு உண்டோ அவரை மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் அழைத்து ஆட்சியைக் கொடுப்பார். 2025 மார்ச்சில் மார்க் கார்னி பிரதமரானபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை. ஏதோ பெரிய ஊழலைக் கண்டுபிடித்தவள்போல ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைக்கவுமில்லை. "சட்டத்தில தடையில்லை. கெதியில ஒரு தொகுதியில நிண்டு வெல்லத்தான் வேணும், அது மரபு."

அவருக்கு இது ஒன்றும் புதிதல்ல. முதல் புள்ளடியை 1970இல் போட்டவர். 1978 அரசியலமைப்பு வந்து ஜனாதிபதியை உச்சியில் ஏற்றும்வரை இலங்கையும் இதே தடத்தில் ஓடின வண்டிதான். ஆளுநர் நாயகம் என்று நான் வாசித்தால், "மகாதேசாதிபதி எண்டு சொல்லு" என்று திருத்துவார். மேற்சபையான, 105 பேர் கொண்ட செனற்றுக்கு ஆட்கள் தேர்தலில்லாமல் நியமிக்கப்படுகிறார்கள் என்றேன். "எங்களிட்டயும் 1971 வரைக்கும் செனற் இருந்தது" என்றார். சூம் திரையில் சார்ள்ஸ் மன்னருக்கு நான் விசுவாசப் பிரமாணம் எடுத்தபோது பின்னால் நின்று சிரித்தார். "1972 வரைக்கும் நாங்களும் இராணிக்குக் கீழதான் இருந்தனாங்கள்."

அவர் சிரிக்காமல் வாசித்த பக்கம் ஒன்று உண்டு, உரிமைகள் சாசனம். "பெரும்பான்மை கையில இருந்தால் பாராளுமன்றம் குடியுரிமையையே பறிக்கும். 1948இல மலையகச் சனத்துக்கு அதைத்தான் செய்தவங்கள்" என்றார். கனடாவின் 1982 சாசனத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சில உரிமைகளை ஐந்து ஐந்து வருடமாக ஓரங்கட்ட அது சட்டசபைகளுக்கு இடம் கொடுக்கிறது. 3ஆம் பிரிவிலுள்ள வாக்குரிமையை அதைக்கொண்டு தொட ஏலாது. இதை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

எந்த அரசிடம் எதைக் கேட்பது என்பதைப் பட்டுத்தான் படித்தேன். நடைபாதையில் பனி அள்ளவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் அடித்தவள் நான். அங்கிருந்த பிள்ளை பொறுமையாக, அது மாநகரசபை வேலை என்றது. மருத்துவ அட்டை, பள்ளிக்கூடம் என்றால் குயின்ஸ் பார்க்கில் இருக்கும் மாகாண அரசு. ஒட்டாவாவிடம் கடவுச்சீட்டும் குடிவரவும்.

2025 ஏப்ரல் 28, கனடாவில் என் முதல் வாக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை, காட்போட் மறைப்பு, பென்சில். அப்பா பென்சிலைத் தொடவே இல்லை. "அழிச்சுப்போட்டால்?" என்று சட்டைப் பையிலிருந்து தன் பேனையை எடுத்தார். சொந்தப் பேனை கொண்டுவரலாம் என்றார்கள், எனக்குத்தான் வெட்கம். மடித்த சீட்டை வாங்கி, அடிக்கட்டைக் கிழித்து, திரும்ப என் கையிலேயே தந்தார்கள். பெட்டிக்குள் போட்டது நானேதான்.

இரவு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். ஆட்சி கார்னியின் லிபரல் கட்சிக்குத்தான் என்பது கெதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பெரும்பான்மைக்கு வேண்டியது 172. நள்ளிரவு தாண்டியும் எண்ணிக்கை அதைத் தொடவில்லை. ஆட்சி நாலு வருடத்துக்குத்தானே என்று நான் எழும்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. பெரும்பான்மை இல்லாமல் ஆண்ட பிரதமர்கள், 2005இல் போல் மார்ட்டினும் 2011இல் ஸ்டீபன் ஹார்ப்பரும், நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுத் தேர்தலுக்குப் போன கதை தொடங்கியது. ஹார்ப்பர் அந்தத் தேர்தலிலேயே பெரும்பான்மையோடு திரும்பி வந்தாராம். எனக்கு நித்திரை தூங்கியது.

விடிய எழும்பி வந்து பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியின் மேல், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பேனை.

"இதென்னப்பா இங்க?"

"172 வரேல்லைத்தானே. கைக்கெட்டின இடத்தில கிடக்கட்டும்."