ஈசினோபில்: சதவீதத்தை விடுங்க, எண்ணிக்கையைப் பாருங்க

ஈசினோபில் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. ரத்த ரிப்போர்ட்டில் ‘ஈசினோபில் 20%’ என்று மட்டும் இருந்தால் பாதித் தகவல்தான். மொத்த வெள்ளணு 9,000 என்றால் 20% என்பது 1,800. ஒரு மைக்ரோலிட்டரில் 500 வரை சாதாரணம். 1,500-ஐத் தாண்டி நீடித்தால் உறுப்புகளைப் பரிசோதித்தே ஆகவேண்டும்.

புழுக்களைக் கொல்லும் புரதங்கள் இந்த அணுக்களுக்குள் இருக்கின்றன. திசுவுக்குள் கொட்டினால் நம் செல்லையும் அரிக்கும். மோசமாக அடிபடுவது இதயம்: உள்சுவர் புண்ணாகும், அதன்மேல் ரத்தம் உறையும், கடைசியில் தழும்பேறி விறைக்கும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆரம்பத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) சரியாகவே இருக்கலாம்; இதயத்தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பிலும் பாலக்கோடு தக்காளிக் காட்டிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு ஒன்று. ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு பாதத்தோல் வழியே நுழையும். அது உள்ளே இருக்க, ஈசினோபிலைக் குறைக்க ஸ்டீராய்டு மட்டும் போட்டால் எண்ணிக்கை அழகாகக் குறையும். புழு உடம்பெல்லாம் பரவும், உயிரே போகலாம். ஆகவே டாக்டர்கள் முதலில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து தருவார்கள், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்: 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். இதயம் அடிபட்டிருந்தால் காத்திருக்க நேரமில்லை, ஐவர்மெக்டினும் ஸ்டீராய்டும் ஒன்றாகவே தொடங்கும்.