துருப்பிடித்த பின்கள்: ஒரு காமிக்ஸ் நாட்குறிப்பு

8 ஜூன் 2024, சனி

மூன்று நாளாக விடாத மழை. அலுமாரிக்கு மேலிருக்கும் காமிக்ஸ் பெட்டியை இறக்கிப் பார்க்கவேண்டும் என்று போன மாதமே நினைத்தேன். இன்றுதான் கை வந்தது. மூடியைத் திறந்ததும் பழைய தாளின் வாசனையோடு இரும்பு வாசனையும் சேர்ந்து வந்தது. அப்போதே விளங்கிவிட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கிறோம். யன்னல் கம்பியையும் மின்விசிறியின் திருகாணியையும் மனைவியின் தையல் இயந்திரத்தையும் தின்ற உப்புக்காற்று, புத்தகப் பின்களை மட்டும் விட்டுவைக்குமா? பின் இருந்த இடமெல்லாம் செங்கல் நிறக் கறை. கறையைச் சுற்றித் தாள் அப்பளம் போல நொறுங்குகிறது. எண்ணிப் பார்த்தேன்: அறுபத்துமூன்று புத்தகங்கள். முத்து, லயன், ராணி என்று தமிழ் காமிக்ஸ்கள், கொஞ்சம் ஆங்கிலம்.

“மழை நாளில் பெட்டியைத் திறந்தால் ஈரம் ஏறாதா?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். திறந்த பிறகு கேட்டார்.

9 ஜூன், ஞாயிறு

வைத்தியம் தொடங்கியாயிற்று. நடுப்பக்கத்தை விரித்து, பட்டர் கத்தியின் மொட்டை நுனியால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்தவேண்டும். பிறகு புத்தகத்தைத் திருப்பி முதுகுப் பக்கமாக இழுக்கவேண்டும். துரு முற்றியிருந்தால் கால் ஒடிந்து கையோடு வந்துவிடும், அது நல்லது. பாதி துருப்பிடித்த பின்தான் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். வெள்ளைப் பருத்தி நூலை மெழுகுதிரியில் இரண்டு தடவை இழுத்துவிட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே தைக்கிறேன். முடிச்சு உள்ளே விழவேண்டும்.

முதலில் எடுத்தது ‘நாச அலைகள்’. அட்டை கழன்றுவிட்டது. அவசரப்பட்டது என் பிழைதான்.

யாரோ ஒரு புண்ணியவான் முன்பு செலோ டேப் ஒட்டியிருக்கிறார். ஒட்டிய இடம் தேன் நிறமாகி எழுத்தையே மறைத்துவிட்டது. செலோ டேப் ஒட்டுகிறவர்களுக்கென்று நரகத்தில் தனி அறை இருக்கவேண்டும்.

12 ஜூன், புதன்

அலுவலகத்திலிருந்து வந்து ஐந்து புத்தகங்கள் தைத்தேன். தைக்கிற வேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது: கண் வாசிக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் பெட்டியில் இருப்பவை எல்லாம் இரண்டாம் முறை சேர்த்தவை. எழுபதுகளின் பெரும்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்ததும் அண்ணாவும் நானும் காலி வீதிக் கடையில் வாங்கிக் குவித்தோம். 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன் வாங்கியவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

இன்று தைத்ததில் இரும்புக்கை மாயாவி மூன்று. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். ஆங்கிலத்தில் அவர் பிறந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால், 1962 அக்டோபரில் வந்த ‘வேலியன்ட்’ வார இதழின் முதல் இதழில். எழுதியவர் கென் பல்மர். பின்னால் டொம் டல்லி. வரைந்தவர் பார்சலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. எனக்கு இது பிளாஸ்கோவின் கதைதான். மற்ற இருவரும் மன்னிக்கவேண்டும்.

கதை தெரியாதவர்கள் இருக்கலாம். லூயிஸ் கிரான்டல் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுகூட வெடிப்பொன்றில் மின்சாரம் பாய்ந்து அவன் உடல் மறைந்துபோகிறது. கை மட்டும் மறைவதில்லை. திரும்பவும் மறையவேண்டும் என்றால் திரும்பவும் மின்சாரத்தைத் தொடவேண்டும். முதலில் கெட்டவனாகத்தான் அலைகிறான், பிறகு உளவாளியாகிறான்.

ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஊசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு கதவு, கைப்பிடியில் இரும்புக் கை. கட்டத்தில் வேறு எதுவும் இல்லை. ஆனால் மணிக்கட்டு சற்றே கீழே சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் அவன் குனிந்து நிற்கிறான், மூச்சை அடக்கியிருக்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. இல்லாத ஆளை வரைந்திருக்கிறார் மனிதர்! மிச்ச உடம்பை நான்தான் போட்டுக்கொள்கிறேன். பத்து வயதில் போட்ட உடம்பும் இன்று போடுகிற உடம்பும் ஒன்றல்ல. இன்றைய மாயாவிக்கு முதுகு வலி உண்டு.

15 ஜூன், சனி

நூல் தீர்ந்தது சாட்டு. 155ஆம் இலக்க பஸ்ஸில் மருதானைக்குப் போய், டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு மணி நேரம் நின்றேன். பெரியவர்கள் இன்னும் அதை மக்கலம் றோட் என்றுதான் சொல்கிறார்கள். மழைக்குப் போட்ட பொலித்தீன் விரிப்பில் தண்ணீர் தேங்கி, கடைக்காரர் தடியால் தட்டும்போதெல்லாம் என் தோளில் ஊற்றியது.

தமிழ் காமிக்ஸ் ஒன்றும் இல்லை. ஆனால் பாடப்புத்தகங்களுக்கு அடியில் கெட்டி அட்டையில் ஒரு பிரித்தானிய ‘லயன்’ ஆண்டுமலர். அட்டையில் 1969 என்று இருந்தது. உள்ளே நம்முடைய இயந்திர மனிதன் ஆர்ச்சி. சொன்ன விலை ஆயிரத்து இருநூறு, எண்ணூறுக்கு முடிந்தது. வாங்கவந்தவன் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறார்கள். நான் முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் சிங்களச் சித்திரக்கதைப் பிரியர். கமிலஸ் பெரேராவின் கஜமனைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தமாட்டார். 2023இல் கஜமன் முப்பரிமாணப் படமாக வந்தபோது மகளோடு போய்ப் பார்த்தாராம். “எப்படி?” என்றேன். “மகளுக்குப் பிடித்தது, மாத்தையா. எனக்கு ஒரே ஒரு பிரச்சினை. கஜமனுக்கு நிழல் விழுகிறது. கஜமனுக்கு நிழல் எதற்கு?”

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நூல் வாங்க மறந்துவிட்டேன்.

16 ஜூன், ஞாயிறு

ஆண்டுமலரை மேசையில் வைத்துத் துடைத்தேன். முதல் தாளின் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. இராமபாணப் பூச்சியின் வேலையல்ல, கத்தரிக்கோல். விலை அச்சிட்ட மூலை அது. பரிசாகக் கொடுக்கிறவர்கள் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். நத்தார்ப் பரிசுக்காகவே வருகிற புத்தகம் இது. அட்டையில் 1969 என்றிருந்தால் 1968இன் கடைசி மாதங்களில் கடைக்கு வந்தது என்று பொருள். புத்தாண்டுக்குப் பிறகும் பழசாகத் தெரியக்கூடாது என்கிற வியாபாரத் தந்திரம். வெட்டு சற்றுக் கோணலாக இருக்கிறது. அவசரமாக, ஒளித்துவைத்து வெட்டியிருக்கிறார்கள்.

நமக்கு ஆண்டுமலர் மட்டுமா? கோடை மலர், தீபாவளி மலர், பொங்கல் மலர் என்று காரணம் தேடித் தேடித் தடித்த புத்தகம் போட்டவர்கள் சிவகாசிக்காரர்கள். தீபாவளி முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தீபாவளி மலர் கொழும்புக்கு வந்து சேரும். எங்களுக்கு அப்போதுதான் தீபாவளி.

ஒரு விசித்திரம்: லண்டன் ‘லயன்’ 1974இல் ‘வேலியன்ட்’டோடு இணைந்து பெயரை இழந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1984இல், சிவகாசியில் அதே பெயரில் ஒரு லயன் பிறந்து, ஆர்ச்சியையும் ஸ்பைடரையும் தமிழ் பேசவைத்தது.

21 ஜூன், வெள்ளி, பொசன் போயா

விடுமுறை. தங்கையின் மகன் வந்திருக்கிறான், பதினொரு வயது. சந்தியில் தன்சல், அதாவது இலவச உணவுப் பந்தல், போட்டிருந்தார்கள். வரிசையில் நின்று கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, 1996இல் வந்த ‘ஃபாண்டம்’ படத்தைப் போட்டோம். காட்டில் வாழும் முகமூடி வீரன் ஃபாண்டமாகப் பில்லி சேன் நடித்தது. லீ ஃபால்க் 1936இல் எழுதத் தொடங்கிய முதல் கதையின் சிங் கடற்கொள்ளையர்களை அப்படியே எடுத்துவந்திருக்கிறார்கள். காட்டுக் காட்சிகளைத் தாய்லாந்தில் எடுத்திருக்கிறார்கள். குதிரை உண்டு, ஓநாய் உண்டு, மண்டையோட்டு மோதிரம் உண்டு. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

மருமகன் குறை கண்டுபிடித்தான். “மாமா, ஊதா உடுப்புப் போட்டுக்கொண்டு பச்சைக் காட்டில் எப்படி ஒளிவார்?”

சிரித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். ஃபால்க் மனதில் வைத்திருந்த நிறம் சாம்பல். நாளிதழில் கறுப்புவெள்ளையாக வந்தவரைக்கும் யாருக்கும் வம்பில்லை. 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது ஊதா பூசிவிட்டார்கள். இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். ஒரே ஆள் நாட்டுக்கு நாடு வேறு சட்டை. உள்ளே கறுப்புவெள்ளையாக இருந்த என்னுடைய புத்தகத்தில் அவர் இருட்டு நிறம். இருட்டில் இருட்டாக நிற்பவரைத்தான் நான் நாற்பது வருடம் நம்பினேன். தொலைக்காட்சியில் வந்தவர் மரத்துக்குப் பின்னால் நின்றபோது கத்தரிக்காய் போல இருந்தது.

நல்ல படமும் இல்லாமலில்லை. 1980இல் வந்த ‘ஃபிளாஷ் கோர்டன்’ எனக்கு மிகவும் பிடிக்கும். தகர விண்கலமும் குவீன் குழுவின் இரைச்சலுமாக, தான் காகிதத்திலிருந்து வந்தவன் என்பதை மறைக்காத படம். மாறாக, 1966இல் காமிக்ஸ் சாகசக்காரி மாடஸ்டி பிளைசியைப் படமாக்கினார்களே, அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவளைப் படைத்த பீட்டர் ஓ’டொனல் எழுதிக்கொடுத்த திரைக்கதையை ஆளுக்கு ஆள் மாற்றி எழுதிக் கெடுத்தார்கள். அவர் அதையே நாவலாக எழுதி, படத்துக்கு முதல் வருடமே வெளியிட்டுவிட்டார். கெட்டிக்காரர். மாடஸ்டி செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

22 ஜூன், சனி

மருமகன் இன்னும் இங்கேதான். காலையில் தைத்து முடித்த மாயாவி ஒன்றைக் கையில் கொடுத்தேன். கறுப்புவெள்ளை என்று முகம் சுளிப்பான் என எதிர்பார்த்தேன். அவன் அதைக் கவனிக்கவேயில்லை. தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் மறைத்து மறைத்துத் திறந்தான். அடுத்த கட்டம் கண்ணில் பட்டுவிடக்கூடாதாம். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. படம் பார்க்கும்போது இரண்டு தடவை தண்ணீர் குடிக்க எழுந்துபோனவன்.

அரை மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினான்.

“மாமா, மின்சாரம் பட்டால் இவருடைய உடம்பு மறையும்.”

“ஓம்.”

“கை மறையாது.”

“மறையாது.”

“அப்படியென்றால் உடுப்பு ஏன் மறைகிறது?”

நான் பத்து வயதிலிருந்து இந்தக் கதைகளை வாசிக்கிறேன். சட்டை, கோட்டு, சப்பாத்து எல்லாம் அவனோடு சேர்ந்து மறைவதை இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்கவில்லை. தேநீர் போடப்போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

இரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தார். எங்களுக்குள் ஒரு நிரந்தர வழக்கு இருக்கிறது. மாயாவி என்றால் இரும்புக்கை மட்டும்தான் என்பது அண்ணாவின் கட்சி. ஃபாண்டமை முத்து காமிக்ஸ் வேதாளன் என்றது. ராணி காமிக்ஸ்தான் அவருக்கு மாயாவி என்று பெயரிட்டு ஒரு தலைமுறையையே குழப்பியது. “மறையத் தெரியாதவன் எப்படி மாயாவி ஆவான்?” என்று இன்றைக்கும் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, பொடியனின் கேள்வியைச் சொன்னேன்.

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, “யார் கேட்டது, அவனா?” என்றார்.

“அவன்தான்.”

“யோசித்துச் சொல்கிறேன்.”

29 ஜூன், சனி

ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. இனி எல்லாவற்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரியில் வைக்கவேண்டும். மனைவி ஒரு தட்டை ஒழித்துத் தந்திருக்கிறார். பதிலுக்குத் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

காலை ஆறு மணிக்கே அண்ணாவின் அழைப்பு. ரொறன்ரோவில் இரவு எட்டரை. குரலில் வெற்றி தெரிந்தது.

“கேள். மின்சாரம் உடம்பில் பாயும்போது உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற உடுப்பிலும் பாயும். அதனால் இரண்டும் மறைகின்றன. சொல்லிவிடு அவனிடம்.”

“சரி அண்ணா. இரும்புக் கையும் உடம்பைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது? துணியைவிட இரும்பில் மின்சாரம் நன்றாகப் பாயுமே.”

அண்ணா நாற்பது வருடம் மின் பொறியியலாளராக வேலை பார்த்தவர்.

“பிறகு எடுக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது மாலை ஐந்து மணி. இன்னும் எடுக்கவில்லை. ‘பாம்புத் தீவு’ புத்தகத்தில் ஒரு பின் பாதி துருவோடு பிடிவாதமாக நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.