இரண்டு கிரேடு, ஒரு கையெழுத்து

“அது என் வேலை இல்ல மேடம்” என்றுதான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மணலியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து விற்கும் ஒரு பிளான்ட்டுக்கு, கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எனர்ஜி ஆடிட்டுக்கு வந்தவன் டேங்கர் சரக்கின் தரச் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட முடியாது, போட்டால்தான் தப்பு. ஆனாலும் வண்டி மணலி பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தப் பதில் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

பாய்லர் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அமீன் என்ற ரசாயனக் கரைசலில் பிடித்து, சூடாக்கி மீண்டும் பிரித்தெடுக்க டன்னுக்கு 3 முதல் 4 கிகாஜூல் வெப்பம் போகும் என்பதும் பழகிய கணக்கு. பிடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கம்ப்ரஸரில் 20 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு) ஏற்ற வேண்டும், மாலிகுலர் சீவ் என்ற ஈரம் உறிஞ்சும் குருணைகளில் ஈரத்தை எடுக்க வேண்டும், அம்மோனியா சில்லரில் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும், ஸ்ட்ரிப்பர் டவரில் கொதிக்கவிட்டு ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விரட்ட வேண்டும். எல்லாம் கரண்ட். அதிலும் சென்னையில் ஒரு தொல்லை கூடுதல். 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் இந்த வாயு திரவமாகாது. மே மாதம் நம் கூலிங் டவர் தண்ணீரே அதைத் தாண்டி நிற்கும். குளிர்நாட்டில் அழுத்தத்தை நன்றாக ஏற்றினால் தண்ணீரை வைத்தே முடிக்கக்கூடிய வேலைக்கு இங்கே சில்லர்தான் கதி. அதே மே மாதத்தில்தான் கூல்டிரிங்க்ஸ் கம்பெனி டேங்கர்களும் கேட்டில் வரிசை கட்டும்.

அந்த பிளான்ட்டில் என் கண்ணை உறுத்தியது வென்ட், அதாவது வேண்டாத வாயுவைத் திறந்துவிடும் வால்வு. ஸ்ட்ரிப்பர் டவர் உச்சியில், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சர் மைனஸ் 30 டிகிரியில் ஓடுகிறது. அந்தக் குளிரிலும் கார்பன் டை ஆக்சைடின் ஆவி அழுத்தம் 14 பாருக்கு மேல். டவரின் மொத்த அழுத்தமே 20 பார். ஆக, ஆக்சிஜனை வெளியேற்றுகிறோம் என்று திறந்துவிடும் வாயுவில் சுமார் 70 சதவீதம் நாம் பிடித்த சரக்கேதான். கண்டென்சரை இன்னும் குளிர வைத்தால் இழப்பு குறையும், சில்லர் பில் ஏறும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் அந்த வால்வின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. எனக்கு அது பனியாகத் தெரியவில்லை, வீணாகும் கரண்ட் யூனிட்டாகத் தெரிந்தது.

அவர்கள் சரக்கில் பெரும்பகுதி வெல்டிங்குக்குப் போகிறது. அதற்கு 99.8 சதவீதம் போதும்; ஈரம் மட்டும் கூடாது, இருந்தால் வெல்டில் பொத்தல் விழும். கூல்டிரிங்க்ஸுக்கு 99.9. ஆக்சிஜன் 30 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 30 பங்கு) தாண்டக் கூடாது, பென்சீன் 0.02 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அமீனிலிருந்து வருவது ஏற்கெனவே நல்ல சரக்கு. ஈரத்தை எடுத்தாலே வெல்டிங்குக்குத் தேறிவிடும். அதையும் சேர்த்து டவரில் ஏற்றுவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது மாதிரி. தூத்துக்குடியில் 2016-இல் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து பிடித்ததை நேரே சோடா ஆஷ் (சலவை சோடா) ஆக்கினார்கள், ஆண்டுக்கு 60,000 டன் திட்டம் அது. சோடா ஆஷுக்குப் பானத் தரம் எதற்கு? போகிற இடத்துக்கு ஏற்ற சுத்தம், அவ்வளவுதான் என் வாதம். இரண்டு டேங்க், இரண்டு கிரேடு.

மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். லேப் பார்க்கும் மேடம் மட்டும் ஆட்டவில்லை. போகிற ஒவ்வொரு டேங்கருக்கும் சாம்பிள் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஹோஸை மாத்திப் போட்டு வெல்டிங் சரக்கு கூல்டிரிங்க்ஸ் டேங்கர்ல ஏறிட்டா என்ன சார் பண்றது?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இரண்டு லைனுக்கும் ஹோஸை மாட்டும் கப்ளிங் வேறு வேறு சைஸ். ஒன்றில் மற்றது நுழையவே நுழையாது.

“அம்பத்தூர் பட்டறைல சொன்னா ஒரு மணி நேரத்துல அடாப்டர் கடைஞ்சு குடுத்துடுவான் சார். அவசரத்துக்குன்னு யாராவது ஒண்ணு செஞ்சு லாக்கர்ல வெச்சிருப்பாங்க.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “சரி, நீங்க சொல்ற மாதிரியே பண்ணிடலாம். சர்டிஃபிகேட்ல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?”

அப்போதுதான் அந்தப் பதில்.

எனக்காக நானே எத்தனையோ முறை வாதாடிப் பார்த்துவிட்டேன். தப்பு நடக்கலாம் என்பதற்காக எதையுமே மாற்றக் கூடாது என்றால் எந்த பிளான்ட்டிலும் ஒரு யூனிட் மிச்சமாகாது. நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. கார்பனைப் பிடிக்கிற பிளான்ட் கரண்டை அள்ளி வீசினால் பிடித்ததற்கு என்ன அர்த்தம்? சாம்பிள் எடுப்பது அனுப்புவதற்கு முன்னால்தானே, மாறிப் போனால் லேபிலேயே மாட்டிக்கொள்ளாதா? இதை அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்: சாம்பிள் டேங்கர் நிரம்பின பிறகு, டிரைவர் ஹார்ன் அடிக்கிறான், மார்க்கெட்டிங்கிலிருந்து போன். அந்த நேரத்தில் “இது போகாது” என்று சொல்லி நிற்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

அவர் கேட்டது டெக்னிக்கல் கேள்வியே இல்லையோ என்று சில நாள் தோன்றும். மிச்சமாகும் யூனிட் என் ரிப்போர்ட்டில் என் பெயரில் வரும், கூடும் ரிஸ்க் அவர் பெயரில். வேறு சில நாள், பழகிய வழியை விட மனசில்லாதவர்கள் எல்லா பிளான்ட்டிலும் இப்படி ஒரு கேள்வி வைத்திருப்பார்கள் என்று எரிச்சல் வரும். இரண்டில் எது நியாயம் என்பது அன்றைக்கு எனக்கு இருக்கும் மூடைப் பொறுத்தது.

நிர்வாகம் ரிப்போர்ட்டில் சுலபமானதை எடுத்துக்கொண்டது. குளிர் மாதங்களில் சில்லரின் கண்டென்சர் பிரஷரை இறக்கி ஓட்டுகிறார்கள், மாலிகுலர் சீவை உலர்த்த கம்ப்ரஸர் சூட்டையே பயன்படுத்துகிறார்கள். இரண்டு கிரேடு ‘பரிசீலனையில்’. அப்படியென்றால் என்னவென்று தெரியும். கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கு சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பிறகு எதற்கு நிம்மதி?

இப்போது எண்ணூர் பக்கம் இன்னொரு பிளான்ட். அங்கும் வெல்டிங், அங்கும் கூல்டிரிங்க்ஸ். டிராஃப்டில் இரண்டு கிரேடைப் போட்டுத்தான் அனுப்பினேன். இந்த முறை தனி லோடிங் பே (டேங்கர் நிரப்பும் இடம்), தனி கப்ளிங், கிரேடு பார்த்துத் திறக்கும் வால்வு எல்லாம் சேர்த்து. செலவைப் பார்த்துவிட்டு அவர்கள் அனுப்பிய மெயிலில் ஒரே கேள்வி: கிரேடு இரண்டும் இருக்கட்டும், பே மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா? இன்னும் பதில் போடவில்லை. முதலில் அங்கே லேப் பார்ப்பது யார் என்று கேட்டிருக்கிறேன்.