உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு லட்சம் டாலர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கே இதற்கு 'கிரிட்டிகல் ஆக்சஸ்' மருத்துவமனை என்று பெயர். 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தங்கும் நோயாளிகள் சராசரியாக 96 மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். மாதாமாதம் தர அறிக்கை தயாரிப்பதுதான் என் வேலை. மானியத்துக்கு எழுதிப்போடுவது இல்லை. ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் 'அது என் வேலை இல்லை' என்று சொன்னால், அப்புறம் அதைச் செய்ய ஆளே கிடையாது.

மத்திய அரசின் சுகாதார நிதி அமைப்பான ஹெர்சா (HRSA), கிராமப்புறச் சுகாதார அமைப்புகள் கூட்டாக இயங்குவதற்கு ஒரு திட்டமிடல் மானியம் தருகிறது. ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர். குறைந்தது மூன்று அமைப்புகள் சேர வேண்டும். கட்டடம் கட்டக் கூடாது, சிகிச்சைக்கும் செலவழிக்கக் கூடாது. ஊரில் என்ன குறை, யார் யார் சேர்ந்து என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதிவைக்க மட்டும்தான் பணம். பேசுவதற்குப் போய் இவ்வளவா என்று முதலில் சிரிப்புதான் வந்தது.

நாங்கள், கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பொதுச் சுகாதாரத் துறை, ஒரு மனநல கிளினிக், ஊரின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழு என நாலு பேர் சேர்ந்தோம். முதல் கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலவறையில். முதல் அரை மணி நேரம், பணம் யார் கணக்குக்கு வரும் என்பதிலேயே போனது. மனநல கிளினிக்காரருக்கு எங்கள் மேல் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. அவர் அன்று கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

பேச்சை மாற்றியது ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மாதான். பையிலிருந்து ஒரு சுருள் கம்பி நோட்டை எடுத்தார். போன ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டங்கள். "இந்த வட்டமெல்லாம் அவசரமே இல்லாத கேஸ். போக வண்டி இல்லாமல் எங்களைக் கூப்பிட்டவர்கள்" என்றார். நோட்டு கை மாறிக்கொண்டே போனது. நிறைய வட்டங்கள். பாதியில் கிளினிக்காரர் ஒரு பெயரில் விரலை வைத்து, "இவர் எங்களிடம் வரவேண்டியவர்" என்றார். அந்தப் பெயருக்கு எதிரே நாலு வட்டம்.

அந்த வேகத்தில் வீட்டுக்கு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக எழுதினேன்: ஒரு வேன், ஒரு ஓட்டுநர், வாரத்துக்கு மூன்று நாள் நடை. பெருமையாக இருந்தது. விண்ணப்பிக்கும் முன் மாநிலக் கிராமப்புறச் சுகாதார அலுவலகத்தைக் கலந்துபேச வேண்டும் என்பது விதி. அங்கே வாசித்துப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வேன்தான் மருந்து என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். அப்புறம் திட்டமிட எதற்குப் பணம்?"

வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது சரிதான். வண்டி இல்லாதது மட்டும்தான் காரணமா, மருத்துவரைப் பார்க்கக் கொடுத்த நேரம் ஒத்துவரவில்லையா, மருத்துவச் செலவுக்குப் பயந்தார்களா? எங்கள் நாலு பேரில் யாருக்கும் தெரியாது. தெரியாததை வெட்கப்படாமல் எழுதி, அதை எப்படிக் கண்டுபிடிப்போம், எந்த மாதத்தில் யார் செய்வார் என்று சொல்வதுதான் இந்த மானியத்துக்கான விண்ணப்பம். வேனைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். பட்ஜெட்டில் கூட்டங்களுக்குக் காபி, சிற்றுண்டி என்று 600 டாலர் போட்டிருந்தேன். அதையும் அந்த மாநில அலுவலக அம்மா அடிக்கச் சொன்னார்.

எழுத்து வேலையை விட சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசு இணையதளப் பதிவுதான் பாடாய்ப் படுத்தியது. மத்திய அரசுப் பணம் வாங்க அதில் பதிவு இருக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பதிவு காலாவதியாகியிருந்தது. நினைவூட்டல்கள் எல்லாம், ஓய்வுபெற்றுப் போன கணக்காளரின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. சட்டப்படியான பெயரும் முகவரியும் ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மருத்துவமனைப் பெயரில் இருக்கும் 'மெமோரியல்' என்ற சொல் பத்திரத்தில் இருந்தது, கரன்ட் பில்லில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் ஓடியது. நீங்கள் இதில் இறங்குவதாக இருந்தால், விண்ணப்பம் எழுதும் முன் இந்தப் பதிவைப் பாருங்கள்.

கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்புதான் கிளினிக்காரரின் ஒப்புதல் கடிதம் வந்தது. கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். வாகன நிறுத்துமிடத்தில், என் காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்துத் தேதி போட்டுக் கொடுத்தார். "அந்த நாலு வட்டக்காரர் நேற்று எங்களிடம் வந்தார். நானே போய்க் கூட்டி வந்தேன்" என்றார்.

மானியம் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்துக்குக் காபி என் செலவு.