பேச்சு நிண்டவையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது நான் பிஎச்டி முடிச்ச ஏழாம் மாசம். வலக்கையும் வலக்காலும் விழுந்திட்டுது, அதோட பேச்சும் நிண்டுபோச்சு. மூண்டு வருசம் வீட்டில நிண்டு அவாவைப் பாத்தன், அதில எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஆனா பிறகு ஒரு இடத்தில போஸ்ட்டொக், அதாவது பிஎச்டிக்குப் பிறகான ஆய்வு, செய்யக் காசு கேட்டு எழுதினா, இவ்வளவு காலமும் ஏன் ஒரு ஆய்வுக்கட்டுரையும் வரேல்லை எண்டு கேட்டவை, காரணம் எழுத அந்தப் படிவத்தில ஒரு பெட்டிகூட இல்லை.

இப்ப ஒரு கிளினிக்கில ஸ்ட்ரோக், அதுதான் பாரிசவாதம், வந்தவையின்ர ஞாபகசக்தியைச் சோதிக்கிற வேலை. மொகா எண்ட சோதனை, 2005 இல மொன்றியலில இருந்து வந்தது, மொத்தம் 30 புள்ளி, 26 க்குக் கீழ எண்டா கவனிக்கோணும். போன மாசம் எழுபது தாண்டின ஒரு அம்மா வந்தவா, அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவா. சிங்கத்தின்ர படத்தைக் காட்டினவுடன சொல்லிப்போட்டா. காண்டாமிருகத்தைக் கனநேரம் உத்துப் பாத்திட்டு, "உது என்ன பிள்ளை, காட்டுப் பண்டியோ?" எண்டா. அதுக்குப் பூச்சியம்தான் போடலாம். பிறகு மணிக்கூடு கீறி பதினொண்டு பத்து காட்டச் சொல்லோணும், பென்சில் பிடிக்கவே கை கூசுது, ஆனா வட்டத்தை மட்டும் கோலம் போடுற மாதிரி ஒரே இழுவையில கீறினா. மிச்சம் வரேல்லை. அது வருத்தத்தாலயோ, பென்சில் பிடிச்சுப் பழக்கமில்லாததாலயோ? 12 வருசமோ அதிலும் குறையவோ படிச்சவைக்கு 1 புள்ளி கூட்டிப் போடலாம், அவ்வளவுதான், ஓஎல் (பதினொராம் வகுப்பு) வரைக்கும் படிச்சவருக்கும் இந்த அம்மாவுக்கும் அதே ஒரு புள்ளி. படிப்புக் குறைஞ்சவைக்கெண்டு மொகா பேசிக் எண்டு ஒண்டு இருக்கு, அதை எங்கட சனத்தில வைச்சுச் சரிபாக்கக் காசும் வேணும் ஆளும் வேணும்.

இதைவிடப் பெரிய கவலை ட்ரையலுக்குள்ள, அதாவது வைத்தியமுறைகளை ஆக்களில சோதிச்சுப் பாக்கிற ஆய்வுக்குள்ள, ஆரை எடுக்கினம் எண்டது. ஸ்ட்ரோக் வந்தவையில கிட்டத்தட்ட மூண்டில ஒராளுக்குப் பேச்சு பாதிக்கப்படுது, ஆனா கன ட்ரையலில பேச்சு நிண்டவையும் மறதி உள்ளவையும் வாசலிலயே கழிபடுகினம், சம்மதம் எடுக்கேலாதாம். எங்கட அம்மாவுக்குச் சொல் வராது, ஆனா விளங்கும். படம் கீறிக் காட்டினா, ஓம் எண்டா இடக்கையால என்ர விரலை அமத்துவா, வேண்டாமெண்டா முகத்தைத் திருப்புவா. அப்பிடி ஒராளிட்ட ஆறுதலா இருந்து கேக்க ஒரு மணித்தியாலம் போகும், அந்த மணித்தியாலத்துக்குச் சம்பளம் குடுக்கிற ஃபண்டைத்தான் நான் தேடுறன். 1847 இல அமெரிக்க மிஷனோட வந்த கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில தமிழிலயே மருத்துவம் படிப்பிச்ச ஊர் இது, இண்டைக்குச் சம்மதப் படிவத்தை வாசிச்சிட்டு விளங்காமல் ஆக்கள் என்ர முகத்தைப் பாக்கினம்.

இங்க ட்ரையல் செய்யேலாது எண்டில்லை. மூண்டு பிறசர் மருந்தைக் குறைஞ்ச அளவில ஒரே குளிசையாக்கி இலங்கையில 700 பேரோட செய்த ட்ரையம்ப் ஆய்வு 2018 இல வெளிவந்தது, ஆறு மாசத்தில அந்தக் குளிசை எடுத்தவையில 70 வீதமானவைக்குப் பிறசர் கட்டுப்பட்டுது, வழமையான வைத்தியத்தில 55 வீதம்.

ஐரோப்பிய ஒன்றியம் குடுக்கிற மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு பிஎச்டிக்குப் பிறகு 8 வருசம் எண்டு எல்லை, நடுவில விட்ட இடைவெளியை அதில சேர்க்காயினம், நல்ல விசயம், ஆனா நாடு மாறிப் போகோணும், அம்மாவை ஆரிட்ட விடுறது? ஆய்வுக்குக் காசு குடுக்கிற பிரித்தானிய அமைப்பான வெல்கமின்ர ஆரம்பகால ஆய்வாளர் அவார்ட்டை இங்க இருந்துகொண்டே கேக்கலாம், பகுதிநேரமாயும் செய்யலாம், அதுக்குத்தான் இப்ப இரவிரவா எழுதிக்கொண்டிருக்கிறன். பட்ஜெட்டில முதல் வரி மருந்துக்கில்லை. நெடுந்தீவில இருந்து வாற ஆளுக்குக் குறிகட்டுவான் வரைக்கும் படகு, பிறகு பஸ், கூட வாற மகளுக்கு அண்டைக்குப் போன கூலி. ரெண்டாவது வரி படம் கீறுற ஆளுக்கு. சம்மதம் கேக்கிறதுக்குத் தமிழில படக்காட் செய்து பழகினவை ஆராவது இருந்தா எனக்கு எழுதுங்கோ, நான் கீறினதுகளை அனுப்புறன், அம்மா விரல் அமத்தி ஓம் சொன்ன படங்கள் மட்டும்தான் அதில இருக்கு.